மாமனார் ஏறும் வண்டி

இன்ஜின் நல்லபடியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் புது மீட்டர் ஆயில் பிரஷர் பூஜ்யம் என்றது. ருஸ்மான் பதறிப்போய் வண்டியை அணைத்துவிட்டு, நோன்பு வயிற்றோடு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பெருநாள் நெருங்கிவிட்டது. போன வருஷம் பாண்டுங்கிலிருந்து மாமனார் ஊருக்குப் போகும்போது, நாக்ரெக் மலை ஏற்றத்தில் அவனுடைய கிழட்டுக் கார் கொதித்து நின்றது. சகலை கோமார் புது வண்டியில் கையசைத்தபடி தாண்டிப் போனான். பெருநாளன்று சொந்தக்காரர் வீடுகளுக்கு மாமனார் யார் வண்டியில் ஏறுகிறாரோ அவன்தான் அந்த வருஷத்து மாப்பிள்ளை. அவர் கோமார் வண்டியில் ஏறினார். பின்னாலேயே பலகாரப் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு போகும் பாக்கியம் ருஸ்மானுக்குக் கிடைத்தது.

வண்டியோடு வந்த மீட்டர்கள் எப்போதோ செத்துவிட்டன. அதனால்தான் இந்த வருஷம் சந்தையில் இரண்டு மீட்டர் வாங்கி வந்தான். ஒன்று ஆயில் பிரஷருக்கு, மற்றது இன்ஜின் தண்ணீரின் சூட்டுக்கு. மெக்கானிக்கிடம் கொடுத்திருக்கலாம், ஆனால் பெருமையும் அவருக்கே போய்விடும்.

பூஜ்யத்தைப் பார்த்தவன் ஆயிலைக் கொட்டிவிட்டுக் கெட்டியான ஆயில் ஊற்றினான். பூஜ்யம். சென்சாரைக் கழற்றி, கசியாமலிருக்க மரையில் வெள்ளை டேப்பை இன்னும் நாலு சுற்றுச் சுற்றினான். அப்போதும் பூஜ்யம். எரிச்சலில் டேப் மொத்தத்தையும் பிய்த்தெறிந்துவிட்டு மாட்டினால், முள் துள்ளி எழுந்தது. மரை இன்ஜின் இரும்பைத் தொட்டால்தான் கரண்ட் ஓடும். அதைத் தொடவிடாமல் கட்டுப் போட்டு வைத்ததே இவன்தான்.

அடுத்தது சூட்டு மீட்டர். ரேடியேட்டர் ஹோஸை நடுவில் வெட்டி, சென்சார் மாட்டும் குழாயைச் செருகினான். கிளாம்ப் சரியாக இறுகாமல் ஹோஸ் பிய்த்துக்கொண்டு, தண்ணீர் அவன் நெஞ்சில் அடித்தது. அதை இறுக்கி முடித்து, எர்த் ஒயரை ரேடியோ திருகில் கட்டினான். முள் அசைந்தது. பெருமை தாங்காமல் மனைவி இமாஸைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்றுப் போனான். ஹெட்லைட்டைப் போட்டால் சூடு ஏறியது. இண்டிகேட்டரைப் போட்டால் முள் குதித்தது.

"ஏங்க, லெஃப்ட்ல திரும்பினா இன்ஜினுக்கு ஜுரம் வருமா?" என்று கேட்டாள் இமாஸ்.

வீடு திரும்பியதும் அவன் எர்த்துக்குத் தனி ஒயரை பேட்டரி வரை இழுத்தான். இழுத்ததில் ஹாரன் செத்தது. ஹாரனை உயிர்ப்பித்ததில் ரேடியோ போனது. ரேடியோ போகட்டும் என்று விட்டுவிட்டான். இரண்டு முட்களும் ஒழுங்காக நின்றன. அன்று நோன்பு திறந்தபோது பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டே வாசலுக்குப் போய் அவற்றை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தான்.

புறப்பட்ட நாளில் கோமார் முன்னால் பறந்தான். நாக்ரெக் அடிவாரத்து நெரிசலில் சூட்டு முள் மெல்ல வலது பக்கம் சாய, ருஸ்மான் உடனே ஓரங்கட்டி பானட்டைத் திறந்து வைத்தான். பின்னால் ஆளைக் காணாமல் கோமார் போன் போட்டான்.

"என்ன சகலை, இந்த வருஷமும் அங்கேயே குடித்தனமா?"

ருஸ்மான் முள் இறங்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து, பிறகு நிதானமாக ஏறினான். உச்சியில் ஒரு புது வண்டி ஆவி விட்டுக்கொண்டு நின்றது. பக்கத்தில் கோமார் நின்றான். அழகுக்காக முன்பக்கம் முழுக்க அவன் பூட்டியிருந்த விளக்குகள் ரேடியேட்டருக்குக் காற்றே விடவில்லை.

"செவப்பா ஒரு லைட் எரிஞ்சுது சகலை. ஹேண்ட் பிரேக்குன்னு நெனச்சேன்."

ருஸ்மான் சிரிக்கவில்லை. அவனுடைய வாழ்க்கையிலேயே பெரிய தியாகம் அதுதான். கயிற்றை எடுத்து இரண்டு வண்டிகளையும் கட்டினான். இனி ஊர்வரை இறக்கம் என்பதால், கயிறு தொய்யாமலிருக்கப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்படி கோமாரிடம் சொன்னான்.

அப்படித்தான் ஊருக்குள் நுழைந்தான். முன்னால் அவன் கிழடு, பின்னால் கயிற்றில் புது வண்டி. தேவையே இல்லாமல் ஹாரன் அடித்தான். ஜனங்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். அவன் வண்டியில் பின்சீட்டில் ஏறியிருந்த கோமார் பெண்டாட்டி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். ருஸ்மானுக்கு நெஞ்சு சட்டைக்குள் அடங்கவில்லை.

மாமனார் வாசலிலேயே நின்று, இறக்கம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தார். ருஸ்மான் இறங்கிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான், இரண்டு மீட்டர்களும் அவர் கண்ணில் படும்படி. அவர் அவனைத் தாண்டிப் போய்க் கோமாரின் தோளைக் கட்டிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"உனக்கு எவ்வளவு பெரிய மனசு மாப்பிள்ளை. பிரேக் இல்லாத அந்த ஓட்டை வண்டி உருண்டு போயிடாம, மலையிலேருந்து கயிறு கட்டி இழுத்துப் புடிச்சுக்கிட்டே வந்திருக்கியே."