மண்சாமியின் துண்டு

மண்ணை மோந்து பார்த்தே சூனியம் வைத்த ஆளைச் சொல்லிவிடுகிற சாமி வந்திருக்கிறார் என்றதும் கஹவத்தை ஊரே கிளம்பிவிட்டது. தோட்டத்துப் பஸ்ஸில் சந்தைக்கு வந்தவர்கள் மரக்கறிப் பையோடு நேரே சாமியிடம் போனார்கள். மாடு கறக்கவில்லையா? முற்றத்தைத் தோண்டு. மகன் ஓ.எல். பரீட்சையில் பெயிலா? முற்றத்தைத் தோண்டு. எங்கே தோண்டினாலும் ஒரு செப்புத் தகடு வந்தது. ஊர் முழுக்க இவ்வளவு தகட்டைப் புதைக்க எவனுக்கு நேரம் இருந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. பக்தியோடு அவருக்கு மண்சாமி என்று பேர் வைத்தார்கள்.

விஜயகலாவின் கஷ்டம் வேறு மாதிரி. கட்டாரில் வேலையில் இருக்கும் மகன் சொன்னதற்காக வீட்டு முன்னால் மலேசியன் புல் பதித்திருந்தாள். அவன் லீவில் வந்ததும் நிச்சயதார்த்தம் அந்தப் புல்லின் மேல்தான். கம்பளம் மாதிரி வளர்ந்த புல், திடீரென்று திட்டுத் திட்டாக மஞ்சளித்துக் கருகியது. மொட்டை பாதியில் எழுந்து ஓடியவன் தலை மாதிரி ஆகிவிட்டது முற்றம். சம்பந்தி வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

தேயிலைத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்ற புருஷன் கன்னையா, "மண்ணைக் கொத்தி எருப் போட்டுப் பாப்போமே" என்றார். எருவா? எருப் போட்டால் புல் அல்லவா வளரும், எதிரி எப்படித் தெரிவான்? விஜயகலா சாமியை அழைத்தாள்.

சாமி குந்தினார். ஒரு பிடி மண்ணை மோந்தார். கண் செருகியது. தோண்டிய குழியின் மேல் காவித் துண்டை விரித்து, அதற்கடியில் கையை விட்டுத் துழாவினார். தகடு வந்தது.

"கெழக்கால வீடு. பொம்பளை. ஒன்கிட்ட சிரிச்சுப் பேசுறவ."

கிழக்கே இருந்தது புஷ்பலீலா வீடு. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விஜயகலா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டிலோரம் பாய் விரித்துப் படுத்தவள். இப்போது அதுவும் வேறு மாதிரித் தெரிந்தது. சும்மாவா இவ்வளவு பாசம்? இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த வேலி வழியை முள் வெட்டிப் போட்டு அடைத்தாள் விஜயகலா.

புஷ்பலீலா வாசலில் வந்து நின்றாள். "நெசமாவே நான்தான்னு நெனைக்கிறியா கலா?"

விஜயகலா கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு அழுதாள்.

தகடு போன இடத்தில் புல் வரவில்லை. "விஷம் எறங்கணும்" என்றார் சாமி. விஷம் இறங்க இறங்கச் சொட்டை பரவியது.

அடுத்த வாரம் புஷ்பலீலாவே சாமியைத் தன் வீட்டுக்கு அழைத்தாள். "வச்ச சூனியம் திரும்பிருச்சு டோய்!" என்று ஊர் கூடியது. விஜயகலாவும் போனாள். முன்வரிசைதான்.

அங்கேயும் புல்லில் வட்டமாக ஒரு மஞ்சள் சொட்டை. சாமி மோந்தார், செருகினார், விரித்தார், துழாவினார். தகடு!

"யாரு சாமி வச்சது?"

"மேக்கால வீடு. பொம்பளை. பழிக்குப் பழி."

கூட்டம் மொத்தமும் விஜயகலாவைத் திரும்பிப் பார்த்தது.

"நானா? மாரியாத்தா சத்தியமா நான் வைக்கலைங்க! தகடு எங்க விக்குதுன்னுகூட எனக்குத் தெரியாதே!"

கத்திக்கொண்டிருக்கும்போதே குரல் தேய்ந்தது. தன்னைப் பற்றிச் சொன்னது பொய் என்றால், புஷ்பலீலாவைப் பற்றிச் சொன்னது மட்டும் எப்படி நிஜம்?

"நீ வைக்கல கலா" என்றாள் புஷ்பலீலா. "நான்தான் வச்சேன். தகட்டை இல்ல, பேசினை."

ஓரமாகக் கவிழ்ந்து கிடந்த துணி துவைக்கிற பேசினைத் தூக்கினாள். அடியில் அதே அளவில் இன்னொரு மஞ்சள் வட்டம்.

"வெயில் படாட்டி புல்லு இப்படித்தான் பழுக்கும். சாமி தோண்டுன வட்டமும் இந்தப் பேசினைக் கவுத்து வச்சதுதான். சாமி, இங்கயும் தகடு இருக்குங்களா?"

சாமி அசரவில்லை. "இருக்கு. இங்கதான் பெருசு."

"அப்ப எடுங்க. துண்டை மட்டும் இப்படிக் குடுத்துட்டு."

"துண்டுலதாம்மா சக்தியே இருக்கு."

"சாமிக்கு வேர்க்குதே" என்று பணிவாக முன்னால் வந்த கன்னையா, துண்டை உருவி உதறினார். சக்தி கலகலவென்று கொட்டியது. அத்தனையும் செப்பு.

சாமி இரத்தினபுரி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். வழி தெரிய மண்ணை மோந்து பார்க்கவில்லை.

விஜயகலா கை கீறக் கீற வேலி வழி முள்ளை இழுத்துப் போட்டாள். "என்னைய மன்னிச்சிரு லீலா."

"அது பொறவு. மொதல்ல ஒன் புல்லுக்கு என்னான்னு பாப்போம்."

மறுநாள் காலையில் தெரிந்தது. வீடு துடைத்த வாளித் தண்ணீரை விஜயகலா வாசலில் நின்றபடியே புல்லில் வீசினாள். குப்பென்று குளோரின் வாடை.

"தெனமும் இந்தக் குளோரின் தண்ணிய இங்கயா ஊத்துற? புல்லு கருகாதா?" என்றாள் புஷ்பலீலா.

"ஆமா. தண்ணி வீணாப் போகக் கூடாதுல்ல?"

"சூனியக்காரி ஆப்புட்டுட்டா!" என்று கன்னையா விழுந்து விழுந்து சிரித்தார்.

செத்த புல்லை வாரி எடுத்தார்கள். நல்ல தண்ணீர் விட்டு மண்ணை நன்றாக அலசினார்கள். காய்ந்ததும் கொத்தி இளக்கி, மக்கிய மாட்டெரு கலந்து, செழிப்பான பக்கத்திலிருந்து புல்கொடி வெட்டி நட்டார்கள். யாரும் மிதிக்காதபடி கயிறு கட்டினார்கள். நிச்சயதார்த்தத்துக்குள் ஒரு மூலை மட்டும் மூடவில்லை. அந்த மூலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள் புஷ்பலீலா.

அன்றைக்குப் பந்தியிலேயே ஒருத்தி இன்னொருத்தியிடம் மெதுவாகச் சொன்னாள்: "அந்த ஆளு கள்ளன்தான். பலாங்கொடையில ஒருத்தர் தண்ணியப் பாத்தே சொல்றாராம், அவரு நெசமான சாமியாம்!"

மண்ணுக்குள் இருப்பதை எடுத்துக் காட்ட ஆயிரம் பேர் வருவார்கள். அம்மாமாரே, ஐயாமாரே, தலைக்குள் இருப்பதை எடுத்துப் பார்க்க நீங்களேதான் தோண்ட வேண்டும்!