அலமாரிக்குப் பின்னால் அம்பயர்

மூன்றாவது பந்துக்கும் அலமாரியின் தலை குறுக்கே வந்துவிட்டது. பந்து எந்தப் பக்கம் போனதென்றே அம்பயருக்குத் தெரியவில்லை. ஏதாவது சொல்லித் தொலைக்க வேண்டுமே என்று கையை உயர்த்தி, மட்டைக்காரருக்குப் பாதகமாக "ஸ்ட்ரைக்" என்றார்.

மட்டையோடு நின்ற சலவைக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "வாரம் பூரா ஊருக்கே மூக்குக்கண்ணாடி விக்கிறீங்க. ஒண்ணை எடுத்து நீங்களும் மாட்டிக்கலாமில்ல?"

அம்பயர் முகமூடியைச் சரிசெய்துகொண்டார். கண்ணாடி விற்பது அவருக்குப் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை பேஸ்பால் ஆட்டத்தில் தீர்ப்புச் சொல்வதுதான் உயிர். அதில் மட்டைக்காரருக்குப் பின்னால், பந்தைப் பிடிக்கும் கேட்சர் குந்தியிருப்பார், கேட்சருக்கும் பின்னால் அம்பயர். மட்டையில் உரசிப் பின்னால் பாயும் பந்து ஆள் பார்க்காது. ஆகவே நிற்பதற்கு ஒரே ஒரு நல்ல இடம்தான் உண்டு: கேட்சருக்கும் மட்டைக்காரருக்கும் நடுவே தெரியும் சந்து. மோவாய் கேட்சரின் தலைக்கு மேலே இருக்க வேண்டும். கைகள் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்க வேண்டும். முகமூடி நேரே பந்தைப் பார்க்க வேண்டும்.

போன மாதம் பயத்தில் முகத்தைத் திருப்பிவிட்டார். காது கத்திரிக்காயாக வீங்கிவிட்டது. இரண்டு ஞாயிறு வீட்டில் இருந்தபோதும் அவர் சும்மா இருக்கவில்லை. சமையலறை டப்பாக்களை உயரவாரியாக அடுக்கினார். மனைவி காய் நறுக்குவதைப் பக்கத்தில் நின்று திருத்தினார். அவள் முகம் வாடியிருப்பதைக் கண்டு மனம் இளகி, இனி ஒரு பந்து மேலே பட்டாலும் ஆட்டத்தை விட்டுவிட்டு ஞாயிறெல்லாம் வீட்டோடு இருப்பதாகச் சத்தியம் செய்தார். அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

இன்று அவள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

சலவைக்கடை அணியின் கேட்சர் குந்தியபோதெல்லாம் அம்பயருக்கு உலகம் பளிச்சென்று தெரிந்தது. பேக்கரி அணி பந்து வீசும் முறை வந்தால்தான் வினை. அவர்களுடைய கேட்சர், பேக்கரியில் அடுப்பைப் பார்த்துக்கொள்கிற இளைஞன். தோள்களைப் பார்த்து ஊரே அவனை அலமாரி என்றுதான் கூப்பிடும். அவன் சரியாக அந்தச் சந்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கொஞ்சம் தள்ளி உட்காரும்படி அம்பயர் தன்மையாகக் கேட்டார். அவனும் சரிங்க சார் என்றான். அடுத்த பந்துக்குப் பழையபடி குறுக்கே வந்தான்.

அம்பயர் நிமிர்ந்து நின்று பார்த்தார். அலமாரியும் பாதி எழுந்துகொண்டான். குனிந்து அவன் அக்குள் வழியாகப் பார்க்க முயன்றார். முழங்கை இறங்கி அந்த ஜன்னலும் மூடிக்கொண்டது.

சரி, தொலைவில் நின்றாவது பார்ப்போம் என்று நாலடி பின்வாங்கினார். அலமாரியும் குந்தியபடியே நாலடி பின்னால் வந்தான். அவர் இன்னும் நகர, அவனும் நகர, இருவரும் வேலியை முட்டிக்கொண்டு நின்றார்கள். மட்டைக்காரர் தன்னந்தனியாக நின்றார். பந்து வீசுபவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பந்தைத் தபாலில் அனுப்பட்டுமா என்று கேட்டார். பார்க்க வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அம்பயருக்கு ரோஷம் வந்துவிட்டது. விறுவிறுவென்று பழைய இடத்துக்கு வந்து, போகக் கூடாதென்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்ன வெளிப்பக்கத்தில், மறைவே இல்லாமல் போய் நின்றார். பந்து வந்தது. மட்டையில் உரசியது. அவர் தோளைப் பார்த்து நேராகப் பாய்ந்தது.

அடுத்த நொடி வெயில் மறைந்தது. அலமாரி தாவி, பந்தைத் தன் புஜத்தில் வாங்கிக்கொண்டு, அப்படியே அவர் மேல் சரிந்தான்.

மனைவி ஓடி வந்தாள். கீழே கிடந்தவரைப் பார்க்காமல் மேலே கிடந்தவனைக் கேட்டாள்: "அவர் மேல பட்டுச்சா?"

"இல்லக்கா. என் மேலதான்."

அவள் நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டாள். அவனுக்கு ஐஸ் கொண்டுவரச் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

அம்பயர் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து, இது எத்தனை நாளாக நடக்கிறது என்று கேட்டார். அவர் சத்தியம் செய்த மறுநாளே அக்கா பேக்கரிக்கு வந்து, அவர் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் முன்னால் போய் உட்காரும்படி கேட்டுக்கொண்டதை அலமாரி ஒப்புக்கொண்டான்.  அம்பயர் முகமூடியைக் கழற்றி, முதல் வரிசையைப் பார்த்துக் கையசைத்தார். அவளும் சந்தோஷமாகக் கையசைத்தாள்.

"முப்பது வருஷமாச்சு தம்பி. இன்னும் என் மேல எவ்வளவு உசிரு பாத்தியா? அவரைக் காப்பாத்துன்னு உன்கிட்ட வந்து கெஞ்சியிருக்கா."

அலமாரி புஜத்தைத் தடவிக்கொண்டே சொன்னான்:

"அக்கா அப்படிச் சொல்லல சார். 'என்னைக் காப்பாத்துப்பா'ன்னுதான் சொன்னாங்க."