என் பங்குக்கு ஒரு கையெழுத்து

இன்றைக்கு இந்த வீட்டில் என் பேச்சுதான் எடுபட வேண்டும் என்று முடிவு செய்தேன். சத்தமில்லாமல்தான் செய்தேன். சமையலறையில் என் மனைவி இருந்தாள்.

விஷயம் பெரியது. கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி இருக்கிற சிப்பைச் செய்யும் இரண்டு கம்பெனிகளுக்குள் போட்டி. சிவப்புக் கம்பெனி காலையில் புது சிப்பை இறக்கிவிட்டது. நீலக் கம்பெனி சிப்பைவிட இரண்டு மடங்கு வேகம்! முதலீடு போடுகிறவர்களின் நம்பிக்கை பொங்கி வழிகிறது. துணி துவைக்கும் மெஷினுக்காகச் சேர்த்த பணத்தில் சிவப்புப் பங்கு வாங்கியே தீருவேன். ஒரே தடங்கல், வங்கியில் அவள் கையெழுத்தும் வேண்டும்.

"உள்ளே எட்டு கோர் இருக்கு, தெரியுமா?"

"எட்டுப் பேரா?"

"கோர்! சரி, எட்டுப் பேர் வேலை செய்ற மாதிரின்னு வச்சுக்கோ."

"குடுத்து வச்ச சிப். இந்த வீட்டுக்குள்ள ஒரே ஆள்தான் வேலை செய்யுது."

"எவ்வளவு வேலை குடுத்தாலும் சூடே ஆகாது!"

"அப்போ அதுக்கு இன்னும் கல்யாணம் ஆகல."

எதிர்வீட்டு டாக்சிக்காரர் வாசலில் எட்டிப் பார்த்தார். அவர் நீலக் கட்சி.

"சிவப்பா? நாளைக்கே நீலம் முந்திடும், சார்!"

எனக்கு ரத்தம் கொதித்தது. என் மனைவி சாந்தமாகக் கைகூப்பினாள்.

"சண்டை வேண்டாம்ண்ணா. சிப்போட வேகம் எனக்கென்ன தெரியும்? அதை நம்பச் சொல்ற ஆளோட வேகத்தைப் பார்த்தா எனக்கும் நம்பிக்கை வரும். ஆளுக்கு ஒரு வாளி அழுக்குத் துணி. யார் முதல்ல துவைச்சுக் காயப்போடுறீங்களோ அவங்க கட்சி ஜெயிச்சது. ஏங்க, நீங்க ஜெயிச்சா உங்க பங்குக்கு நான் கையெழுத்துப் போடுறேன். சத்தியம்."

சத்தியம்! சாமி படத்துக்கு முன்னால்கூட அவள் சும்மா சொல்லாத வார்த்தை.

மொட்டை மாடி. இரண்டு குழாய். டாக்சிக்காரர் மனைவி கரண்டியால் தட்டைத் தட்டினார். பாய்ந்தேன்! மூக்கு வரை நுரை. டாக்சிக்காரர் ஒரு போர்வையை முறுக்குவதற்குள் நான் மூன்று சட்டைகளை உதறிவிட்டேன். அவர் சோப்பு வழுக்கிக்கொண்டு என் பக்கம் வந்தது. திருப்பிக் கொடுக்க நான் என்ன முட்டாளா? கடைசித் துண்டைக் கொடியில் வீசியபோது அவர் இன்னும் ஒரு பேன்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"பதினோரு நிமிஷம்!" என் மனைவி துள்ளினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர். பாதி சந்தோஷம், பாதி சோப்பு.

"போடு கையெழுத்து!"

போட்டாள். சமையலறைச் சுவரில் வீட்டு வேலைப் பட்டியல் தொங்கும். அதில் 'துணி' என்ற வரியில் தன் பெயரை அடித்தாள். 'அவர் பங்கு' என்று எழுதினாள். அடியில் முத்து முத்தாகக் கையெழுத்து.

"இந்தப் பங்கா?"

"உங்க பங்குன்னுதானே சொன்னேன்? எனக்கு நம்பிக்கை வந்துடுச்சுங்க. இவ்வளவு வேகம் வீட்டுலயே இருக்கும்போது கடையில போய் மெஷின் எதுக்கு?"

"அப்போ அந்தப் பணம்?"

"பத்திரமா இருக்கட்டும். மெஷின் ரிப்பேர் ஆனா வேணுமே" என்று சொல்லி, தைலத்தை எடுத்து என் இடுப்பில் தேய்த்தாள்.