கொதிநீர் சொன்ன ஹாய்

விழித்துக்கொண்டே கனவு காண்பதில் எனக்கு இணை கிடையாது. பேருந்தில் ஏறினால், இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிய பிறகுதான் நினைவு திரும்பும். அப்படிப்பட்ட என்னிடம்தான், ராணிப்பேட்டைக்கு அருகே அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்த முதல் வருடமே, அந்தப் பொறுப்பு வந்தது.

"ஆறு டெம்பரேச்சர் சென்சார் வாங்கணும். நீங்களே பாத்து செலக்ட் பண்ணுங்க" என்றார் தலைமையாசிரியர். (பாவம், நல்ல மனிதர்.) எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சோதனை செய்வதை மாவட்ட அதிகாரி பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால், மழைக்கு ஒழுகாத புதிய ஆய்வகம் கிடைக்கும்.

அன்று மாலை மொட்டை மாடியில் உட்கார்ந்து செல்போனில் தேடினேன். தூரத்துக் குன்றுகள் நீலமாகக் கரைந்துகொண்டிருந்தன. வெந்நீர் ஆற ஆற, நாற்பது நோட்டுகளில் நாற்பது கோடுகள் அந்தக் குன்றின் சரிவைப் போல மெல்ல இறங்குவதாகக் கற்பனை ஓடியது. அதிகாரியின் கண்கள்கூடக் கலங்கின.

தோல் தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் என் அக்கா ரேகா, துணி எடுக்க வந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"கம்பி வச்சு, நுனியில ஸ்டீல் இருக்குது பாரு, அதை வாங்குடா. தோலு ஊறுற ட்ரம்மு தண்ணிய நாங்க அதுலதான் பாக்குறோம்."

"எலி வால் மாதிரி இருக்குதுக்கா."

"தண்ணிக்கு இன்னாடா அழகு?"

நான் கேட்கவில்லை. வெள்ளை உடம்பும் பச்சை விளக்குமாகத் துப்பாக்கி வடிவில் ஒன்று இருந்தது. 'தொடாமலே அளக்கும்' என்று போட்டிருந்தது. தொடாமலே! அதற்குக் கீழே இருந்த பொடி எழுத்துகளை நான் படிக்கவில்லை. ஆறு வாங்கினேன். வந்த அன்றே சோதித்தும் பார்த்தேன், என் நெற்றியில். முப்பத்தாறரை. என்ன துல்லியம்!

அந்த நாள் வந்தது. அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது, கிண்ணத்தில் பனிக்கட்டி. ஓரத்து நாற்காலியில் அதிகாரியம்மா, இறுகிய முகத்தோடு. வெப்பத்தைப் பற்றிக் கவிதை நடையில் ஐந்து நிமிடம் பேசிவிட்டு, கொதிநீரை அளக்கும்படி முதல் வரிசை நஸ்ரினிடம் சொன்னேன்.

அவள் குறிபார்த்து அழுத்தினாள். அழகாக ஒரு பீப்.

"எவ்ளோம்மா?"

"ஹாய்னு சொல்லுது சார்."

"இன்னாது?"

"எச், ஐ. ஹாய், சார்."

பின் வரிசையிலிருந்து ஒரு குரல் மரியாதையாகப் பதில் சொன்னது: "ஹாய்!"

வகுப்பு வெடித்தது. நான் கருவியைப் பிடுங்கிப் பனிக்கட்டி மேல் நீட்டினேன். எல், ஓ.

"ஐஸு ஹலோ சொல்ல வருது சார், பாதிதான் வருது!"

குழாய்த் தண்ணீரும் 'லோ' என்றது. அப்போதுதான் பெட்டியின் பொடி எழுத்துகள் கண்ணில் பட்டன: 'மனித உடலுக்கு மட்டும். 32 முதல் 43 டிகிரி வரை.' காய்ச்சல் பார்க்கும் கருவி. அதற்குமேல் 'ஹை', கீழே 'லோ'.

"தண்ணி இன்னா சூடு சார்?" என்று தலைமையாசிரியர் என் காதில் பதறினார்.

"ஹாய் சார்" என்றேன்.

அதிகாரியம்மா எழுந்து வந்தார். என் வேலை போனது, ஆய்வகம் போனது என்று நின்றேன். அவர் ஒரு கருவியை வாங்கித் தன் நெற்றிக்கே நீட்டி அழுத்தினார். பீப். முப்பத்தொன்பது.

"காலையிலேர்ந்தே உடம்பு ஒரு மாதிரியா இருக்குதுன்னு பாத்தேன்" என்று முனகி அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் கைத்தாங்கலாக ஜீப்பில் ஏற்றிவிட்டேன். போகும் முன் பார்வையாளர் ஏட்டில் எழுதினார்: 'கருவிகள் துல்லியமாக வேலை செய்கின்றன.'

எந்தப் புண்ணியத்திலோ, அடுத்த வருடம் ஆய்வகம் வந்தது. (சென்சார்களை அக்காதான் தேர்ந்தெடுத்தாள்.)

அதன்பின் எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், காபித் தட்டோடு வந்த சுமதி சிரித்தபடி "ஹாய்" என்றாள். என் பின்னாலிருந்த அக்காவுக்குச் சிரிப்பு தாங்காமல் புரையேறியது. பெண் வீட்டார் முகம் சுருங்க, நானே முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. கதை முடியும்போது சுமதி தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இப்போதெல்லாம் நான் குளிக்கக் கிளம்பினால் அவள்தான் அடுப்படியிலிருந்து குரல் கொடுக்கிறாள்:

"கொஞ்சம் இருங்க, தண்ணி இன்னும் லோன்னு சொல்லுது!"