கண்ணெடுப்பாரின் சிவப்பு மாடு

மாட்டுக்குக் கண் பட்டால் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்ட வேண்டும். இது தெரியாதவர்கள் எங்கள் வட்டாரத்தில் இரண்டு வகை. மாடு வளர்க்காதவர்கள் ஒரு வகை. மாடுகள் இன்னொரு வகை.

பட்ட கண்ணை எடுத்துவிட்டுக் கயிறு கட்டித் தருபவர் கண்ணெடுப்பார். அன்று காலை அவர் வீட்டு வாசலில் கூட்டம் சாலை வரை நின்றது. மாட்டைக் கூட்டி வந்தவர்கள், கூட்டி வர மாடு மிஞ்சாதவர்கள், வேடிக்கை பார்க்க வந்த நான். கண்ணெடுப்பார் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் நேராகப் பார்த்தால் எதிரில் நிற்பவர் தாங்கமாட்டாராம். இரக்கப்பட்டு மூடி வைத்திருக்கிறாராம். எனக்குத் தெரிந்து அந்தக் கண்ணாடி ஆஸ்பத்திரியில் கண்புரை எடுத்தபோது கொடுத்தது. ஊர்க் கண்ணையெல்லாம் எடுப்பவர், தன் கண்ணுக்கு மட்டும் டாக்டரைத் தேடிப் போயிருக்கிறார்.

நீண்ட வறட்சிக்குப் பிறகு அந்த மாதம்தான் மழை பெய்தது. மழைக்குப் பின் மாடுகள் விழ ஆரம்பித்தன. நன்றாக நின்ற மாடு திடீரென்று மூச்சு வாங்கும், கால் தள்ளாடும், ஆளைக் கூப்பிட்டு வருவதற்குள் செத்துக் கிடக்கும். அதுவும் வீட்டிலேயே நன்றாகக் கறக்கிற மாடுதான் விழும். "பொறாமைக் கண்ணு நல்ல மாட்டைத்தானே பாக்கும்?" என்றார் கண்ணெடுப்பார். இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? கூட்டம் தலையாட்டியது. சிலர் கழுத்து வைத்திருப்பதே அதற்குத்தான்.

முந்தின வாரம் கால்நடை டாக்டரம்மா பால் சேகரிக்கும் இடத்துக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"காய்ஞ்சு கிடந்த சோளம் மழை பட்டுத் திரும்பத் தளிர் விடுது பாருங்க, அதுல விஷம் இருக்கு. யாரும் கலக்கல. பயிரே தன்னைக் காப்பாத்திக்க வச்சிருக்கிறது. மாடு மெல்லும்போது சயனைடு வெளியாகும். பயிர் வளந்து பூக்கிற வரைக்கும் பச்சையா போடாதீங்க."

"தளிர்ல விஷமாம்!" என்று பால் கேனைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அந்த அம்மா காசு வாங்கவில்லை, கயிறு கட்டவில்லை, பக்கத்து வீட்டுக்காரி மேல் பழி போடவில்லை. அப்படிப்பட்டவர் பேச்சை யார் நம்புவார்?

வரிசையில் பால்காரம்மாவின் முறை வந்தது. அவளுக்கு இருந்தது இரண்டு மாடு. ஒன்று செத்துவிட்டது. இன்னொன்று தள்ளாடி விழுந்து எப்படியோ எழுந்துவிட்டது. அதைச் சின்ன லாரியில் ஏற்றி, மகனையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். வழியில் மாட்டுக்குப் பசிக்குமே என்று ஒரு கட்டுப் பச்சைச் சோளத் தளிரும் லாரியில் கிடந்தது.

"வீட்டுக்குப் புதுசா யாரு வந்தது?" என்றார் கண்ணெடுப்பார்.

"மருமகதாங்க. மழை பெஞ்ச வாரம்தான் கல்யாணம்."

"மாடு செத்தது மழைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடிங்க!"

"புரியுதா?"

பால்காரம்மாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மழையோடு தவளையும்தான் வந்தது. அதைக் கூப்பிட்டு யாரும் விசாரிக்கவில்லை.

"அந்தக் கண்ணு வீட்டுல இருக்கிற வரைக்கும் கயிறு வேலை செய்யாது. மருமகளை அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிடு, திரும்பக் கூப்பிடாத. மாடு என் தொழுவத்துல நிக்கட்டும். வைக்கோல் மட்டும்தான் போடணும். பச்சை ஒரு இணுக்குகூடப் படக்கூடாது. பச்சை கண்ணை இழுக்கும்."

வைக்கோலுக்குத் தனிக் கட்டணம். விற்பவர் அவருடைய மச்சான்.

மருமகள் கணவனைப் பார்த்தாள். அவன் தரையில் எதையோ தொலைத்தவன் போல நின்றான். கல்யாணச் சேலையின் மடிப்புக்கூடக் கலையாத பெண்ணை ஒரு கறுப்புக் கண்ணாடி வீட்டை விட்டுத் துரத்துகிறது, கட்டியவன் மண்ணை எண்ணுகிறான்.

"அத்தை, போகச் சொன்னா போறேன்," என்றாள் அவள். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. செத்த மாட்டுக்கு அன்னைக்கு என்ன போட்டீங்க?"

"நம்ம சோளம்தான். நல்லாக் கறக்கிறவளாச்சேன்னு இளந்தளிரா பாத்து நானே ஒடிச்சுப் போட்டேன்."

"இதுக்கு?"

"இதுக்கு மிச்சம் ரெண்டு வாய். அப்புறம் காய்ஞ்ச பழைய சோளத்தட்டை."

"நாங்களும் கறவைக்குத்தான் முதல்ல தளிர் போடுவோம்," என்றது வரிசையில் ஒரு குரல்.

மருமகள் கண்ணெடுப்பார் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, உங்க கயிறு கட்டின மாட்டுக்கு ஒண்ணும் ஆகாதுதானே?"

"சாவே வந்து நின்னாலும் கயிறைத் தாண்டாது!"

"சந்தோஷம்."

லாரியிலிருந்த பச்சைக் கட்டைத் தூக்கிக்கொண்டு நேராகத் தொழுவத்துக்குப் போனாள். அங்கே கண்ணெடுப்பாரின் சிவப்பு மாடு, கழுத்தில் ஏழு கயிறோடு, சலிப்பாக வைக்கோல் மென்றுகொண்டிருந்தது. தளிரைக் கண்டதும் நாக்கை நீட்டியது. நாக்குக்கு எட்டாத தூரத்தில் கட்டைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கும் ஆசையா இருக்காதா? நம்ம வீட்டுச் சோளம்தான், போடட்டுமா?" என்றாள்.

கண்ணெடுப்பார் துள்ளி எழுந்தார். நாற்காலி ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம்.

"ஏய், போடாத! என் மாடு செத்துடும்!"

கூட்டம் மொத்தமும் சிவப்பு மாட்டின் கழுத்திலிருந்த கயிறுகளைப் பார்த்தது.

"எதனாலங்க சாகும்?" என்றாள் மருமகள். "கண்ணுக்குத்தான் ஏழு கயிறு இருக்கே."

அவர் குனிந்து கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி காலடியிலேயே கிடந்தது. ஆனாலும் நிமிர அவசரப்படவில்லை.

பால்காரம்மா மருமகள் கையிலிருந்து பச்சைக் கட்டை வாங்கினாள்.

"அப்போ உனக்குத் தெரியும்," என்றாள் கண்ணெடுப்பாரைப் பார்த்து. அதுவரை 'ங்க' போட்டுப் பேசிய வாய். "தெரிஞ்சுதான் பச்சை போடக்கூடாதுன்ன. தெரிஞ்சுதான் என் வீட்டுப் பொண்ணைத் துரத்தச் சொன்ன. அடப்பாவி, ஆசை ஆசையா நானே என் கையால ஒடிச்சுப் போட்டுக் கொன்னுட்டேனே!"

மருமகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மகனுக்கு இப்போதுதான் கழுத்து நிமிர்ந்தது.

பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டுமா? கயிறுகள் அறுந்து விழுந்தன. கொடுத்த காசைத் திரும்பக் கேட்டு மச்சானின் சட்டையைப் பிடித்தார்கள். காலையில் முதல் ஆளாக வரிசையில் நின்றவர், "எனக்கு அப்பவே சந்தேகம்தான்" என்று என்னிடமே சொன்னார். சரி, புத்தி வந்துவிட்டது என்று நானும் நினைத்தேன்.

அப்போது அதே மனிதர் தன் மாட்டை இழுத்துக்கொண்டு மருமகள் முன்னால் போய்க் கைகூப்பினார்.

"அம்மா, நீ சக்தியுள்ள பொண்ணு. என் மாட்டை ஒரு தடவை தொட்டுக் குடும்மா. கயிறு ஏதாவது தந்தாலும் சரி."

அவள் அவரைப் பார்த்தாள். அசை போட்டுக்கொண்டிருந்த அவர் மாட்டையும் பார்த்தாள்.

"இது விழுங்கினதைக்கூடத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து நல்லா மென்னு பாக்குது. நீங்க மட்டும் ஏங்க, யார் எதைக் கொடுத்தாலும் அப்படியே முழுங்கிடறீங்க?"