'பர்சீவ்' என்று எழுதி முடிப்பதற்குள்

நான் கரைத்த உப்புக் குவியல்கள் பதினேழு. இந்த எழுபத்திரண்டு வயதில் மாத்திரையின் எண்ணிக்கை மறந்தாலும் (தினம் ஆறு) அந்தப் பதினேழு மறப்பதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில் மரக்காணத்து உப்பளம் ஒன்றில் நான் ரைட்டர், அதாவது கணக்கெழுதுபவன். மழைக்கு உப்பை மூடும் கீற்றெல்லாம் கொட்டகையில் பூட்டியிருக்கும். சாவி என் இடுப்பில். திறந்தால் காரணத்தை ஆங்கிலத்தில் நோட்டில் எழுத வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. (முன்னா, பின்னா என்று அவர் சொல்லவில்லை. முன்னே என்று முடிவு செய்தது நான்.)

ஒரு சித்திரை மதியம் அந்தோணி மேஸ்திரி வந்து நின்றார். வானத்தில் மேகம் ஒன்றுகூட இல்லை.

"ரைட்டரே, காத்து மாறிடுச்சு. மழ வாசன அடிக்குது. சாவியக் குடுங்க, மூடிடறோம்."

வெளியே அவர் மனைவி லூர்துமேரியும் இன்னும் நான்கு பெண்களும் காத்திருந்தார்கள். பதினொரு நாள் அவர்கள் வாரிச் சேர்த்த உப்பு. லாரி ஏறினால்தான் கூலி.

நான் நோட்டைப் பிரித்தேன். 'சீன்', கண்ணால் பார்த்தது, என்று எழுதலாமா? மழையை யாரும் பார்க்கவில்லையே. 'நோட்டீஸ்' என்பது சட்டென்று கண்ணில் படுவதற்கு. 'பர்சீவ்' இருக்கிறது, புலனுக்கு எட்டியதை மனம் புரிந்துகொள்வது. சரி, ஆனால் எட்டியது அவர் மூக்குக்கு, கையெழுத்து என்னுடையது.

"மேஸ்திரி, வாசனை வந்துச்சா, வர்ற மாதிரி தோணுச்சா?"

"ரெண்டும்தான். சாவியக் குடுங்க."

அகராதியை எடுத்தேன். முக்கால் மணி நேரத்தில் மூன்று வரிகளை அடித்து, நான்காவதில் 'பர்சீவ்டு' என்று அழகாக எழுதினேன். அதன் மேலேயே முதல் சொட்டு விழுந்தது (கூரையில் ஓட்டைகள் ஐந்து). சாவியோடு ஓடினேன். இருபத்து மூன்று குவியல்களில் ஆறைத்தான் மூட முடிந்தது. மற்றவை கரைந்து பாத்திக்கே திரும்பின.

நனைந்தபடி நின்ற லூர்துமேரி, "எழுதிட்டியாப்பா?" என்று மட்டும் கேட்டார். கிண்டலாகக் கேட்டிருந்தால் இன்று நன்றாகத் தூங்குவேன். அவர் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

என் வேலை போகவில்லை. நோட்டைப் பார்த்த முதலாளி, இங்கிலீஷில் பிழையில்லை என்றார். பதினொரு நாள் கூலியில் முக்கால் பங்கு போனது, என்னுடையது அல்ல.

இதை என் கல்யாணப் பந்தியில் அந்தோணி என் மனைவியிடம் சொல்லிவிட்டார். இன்றும் தூறல் போட்டால் சமையலறையிலிருந்து குரல் வரும்: "என்னங்க, மாடியில துணி கெடக்குது. எழுதிட்டு எடுக்கறீங்களா, எடுத்துட்டு எழுதறீங்களா?"

பேரப்பிள்ளைகள்வரை சிரிக்கிறார்கள். நான் இப்போதெல்லாம் காற்று மாறியதுமே மாடிக்குப் போய்விடுகிறேன். நேற்று எடுத்தது பதினான்கு துணிகள், எல்லாம் காயாத ஈரம். மழை வரவில்லை.