நாலு காலும் நாற்காலியும்

இனி இந்த வீட்டில் யாருக்கும் பயப்படுவதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவெடுத்தேன். மனைவி குளித்துக்கொண்டிருந்ததால் தைரியமாகவே எடுத்தேன்.

அலுவலகத்தில் நான் கணக்கில் புலி. வீட்டில் புல்லைப் போட்டாலும் தின்னும் புலி. எனக்கென்று இருப்பது ஒரு சாய்வு நாற்காலி மட்டுமே. கை ஆடும், துணி தொங்கும், ஆனால் சாய்ந்தால் சொர்க்கம். சாய்ந்த மறுகணம் "என்னங்க, எழுந்து வாங்க" என்று கூப்பிட்டுவிடுவாள் என்பது வேறு விஷயம்.

அதைத்தான் பழைய சாமான்காரரிடம் போடப்போவதாக ஒரு வாரமாக மிரட்டிக்கொண்டிருந்தாள். அவள் தம்பி ஒரு மாதம் வந்து தங்கட்டுமா என்று கேட்டபோது, நானும் அதையே சாக்காக்கினேன். "உன் தம்பி முதுகுவலிக்காரன், பாவம். நாற்காலியும் போயிட்டா எங்க சாய்வான்?" அதற்குமேல் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

குளித்து வந்தவள், "வனப்பூங்காவுல ஒரு சுத்து சுத்திட்டு வரலாமா? மிருகமெல்லாம் ரோட்டோரமாவே நிக்குமாம்" என்றாள்.

விடுவேனா? "பந்தயம்! நாலு கால் பிராணியை நான் முதல்ல பார்த்தா, என் நாற்காலி வீட்லயே இருக்கும்."

"நான் பார்த்தா?"

"தூக்கிப் போட்டுடு."

"தெருநாய் கணக்குல வராது."

"வராது."

காரை அவள்தான் ஓட்டுவாள். வீட்டையும் அவளே ஓட்டுவதால் பழக்கம். நான் தொலைநோக்கியும் கையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மலைப்பாதை, மூங்கில், இளவெயில். எனக்கு நிஜ மிருகம் எதுவும் கண்ணில் படவில்லை. எல்லாமே மிருகமாகத்தான் பட்டது.

"அதோ கரடி!"

"அது எரிஞ்சுபோன கட்டை. கரடி நீங்க விடுறதுதான்."

"புலி! மஞ்சள், கறுப்பு, கோடு கோடா..."

"ரோடு வேலைன்னு எழுதியிருக்கு பாருங்க, அந்தப் புலி மேல."

"பாம்பு!"

"நாலு கால் எங்கங்க?"

எனக்குக் கலவரமாகிவிட்டது. நாற்காலி பழைய சாமான் வண்டியில் ஏறிப் போவது கண்முன் தெரிந்தது.

ஏரி வளைவில் அவள் வண்டியை நிறுத்தினாள். "கண்ணுல ஏதோ தூசி விழுந்துடுச்சு. நீங்க அந்தப் புதர் பக்கம் பாருங்களேன்."

பார்த்தேன். முதலில் இரண்டு காது. அப்புறம் ஒரு மான். அதன் வயிற்றுக்கடியில் குட்டி.

"மான்!" என்றேன், கிசுகிசுப்பாக.

"அட, ஆமாங்க! உங்க கண்ணே கண்ணு!"

குட்டி தண்ணீரைத் தொட்டுவிட்டுப் பின்வாங்கியது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் கை என் கைமேல் இருந்தது. நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது.

"இன்னொண்ணு. அந்த நாற்காலியில உட்கார்ந்தவங்கள இனி யாரும் எழுப்பக் கூடாது!"

"யாருமேவா?"

"யாருமே!"

"நானும் எழுப்பக் கூடாது, நீங்களும் எழுப்பக் கூடாது. அப்படித்தானே?"

"அப்படியேதான்!"

"கையில அடிச்சுச் சொல்லுங்க."

சத்தம் வரும்படி அடித்தேன். மான் ஓடிவிட்டது.

திரும்பும் வழியெல்லாம் அவள் பாட்டு முணுமுணுத்தாள். தோற்றவள் பாடுகிறாளே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஜெயித்த மயக்கத்தில் நானும் சேர்ந்து பாடினேன்.

வீட்டு வாசலில் பெரிய பெட்டி ஒன்று. உள்ளே என் நாற்காலியில், என் செய்தித்தாளை விரித்தபடி அவள் தம்பி. சாவியைப் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொண்டானாம்.

நான் வாயைத் திறந்தேன். மனைவி தன் உள்ளங்கையைத் தடவிக்கொண்டே, "இன்னும் எரியுதுங்க" என்றாள்.

வாயை மூடிக்கொண்டேன்.

"வாங்க மாமா!" என்றான் தம்பி, எழாமல். "நாற்காலி பிரமாதம்! முதுகுவலியே தெரியல. காட்டுல ஏதாவது தட்டுப்பட்டுச்சா?"

"ஒரு மான்" என்றேன், அவன் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டு.